1899 செனட் வாக்கெடுப்பு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அமெரிக்கா வல்லரசானதை 1917-லிருந்து தொடங்குவதுதான் நம் பாடநூல் வழக்கம். 1898-லிருந்து தொடங்கி ஒரு வகுப்புக் குறிப்பு தயாராகிறது. அதில் ஓரிடம் இடிக்கிறது.

ஸ்பெயினுடன் போருக்குப் போகும்போதே, கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று டெல்லர் திருத்தம் (போர்த் தீர்மானத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் சேர்த்த நிபந்தனை) கையைக் கட்டிவிட்டது. பிலிப்பைன்ஸுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பைன்ஸ் படைக்கும் துப்பாக்கிச் சண்டை வெடித்தது. 6-ஆம் தேதி அமெரிக்க மேலவையான செனட் ஒப்பந்தத்துக்கு 57-27 என ஒப்புதல் தந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு 56 போதும். அதாவது ஒரே ஒரு வாக்கு கூடுதல்!

மணிலாச் செய்தி எந்த உறுப்பினரையாவது மனம் மாற்றியதா, அல்லது எதிர்க்கட்சித் தலைவர் பிரையன் ஒப்புதலுக்கு ஆதரவாகப் பேசியதுதான் காரணமா? பிந்தையதற்கே கனம் அதிகம் என்று படுகிறது. உறுப்பினர் கடிதங்கள், நாட்குறிப்புகள் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பொதுவான வரலாற்றுச் சுருக்கங்கள் வேண்டாம், கையில் நிறையவே இருக்கின்றன.

இன்னொன்று: குவாண்டனாமோ (கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம்) குத்தகையின் 1903, 1934 வாசகங்களைத் தமிழில் யாராவது பெயர்த்திருக்கிறீர்களா?