இலையை முடித்தால்தான் பலகாரம் என்பது சரியா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம், மகளுக்கு ஐந்து வயது. இலையில் மிச்சம் வைத்தால் அப்பத்தாவுக்கு மனசு தாங்காது, “இன்னும் ரெண்டு வாய், முடிச்சாத்தான் கந்தரப்பம்” என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுகிறார்கள். பிள்ளை சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஊட்டுவதை நிறுத்துங்கள். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் குழுவினரின் 1987ஆம் ஆண்டு ஆய்வு இதைப் பற்றியதுதான். தட்டில் எவ்வளவு மிச்சம், முடித்தால் என்ன பரிசு என்று பழக்கினால், வயிறு நிறைந்துவிட்டதைப் பிள்ளைகள் கவனிப்பது குறைகிறது. பலகாரம் பரிசாகிவிட்டால் அதன் மேல் ஆசை கூடும், சோறு வெறும் கடமையாகிவிடும்.

பதில்: சரிதான், ஆனால் அப்பத்தாவைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஆயா ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவர், மிச்சச் சோற்றைப் பார்த்தாலே அவருக்குப் பதறும். அதனால் ஊட்டுவதற்குப் பதில் பரிமாறும் வேலையை அவரிடமே கொடுத்தோம். முதலில் அரைக் கரண்டி, பிள்ளை கேட்டால் இன்னொன்று. கந்தரப்பமும் சோற்றோடு சேர்ந்தே இலைக்கு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: இன்று மதியம் அப்படியே செய்தோம். ஆறேழு வாய் தானே அள்ளிச் சாப்பிட்டாள், அப்புறம் “போதும் அப்பத்தா” என்றாள். அவர்கள் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள், ஊட்டவில்லை.