பையனுக்கு எடை அதிகம் என்கிறார்கள், இந்தக் குடியிருப்பில் இருந்துகொண்டு என்ன செய்வது?

பெரும்பாக்கம் அம்மா:
வாரியக் குடியிருப்பில் ஏழாவது மாடி. பள்ளிக்கு வந்த டாக்டர்கள் நாலாவது படிக்கிற என் மகனை நிறுத்துப் பார்த்துவிட்டு, உயரத்துக்கு எடை ரொம்ப அதிகம், பாக்கெட் தீனியைக் குறையுங்கள், ஓடி விளையாட விடுங்கள் என்று சொன்னார்கள். நான் காலை 6 மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி 7 ஆகிவிடும். கீழே தனியாக இறங்காதே என்று சொல்லி வைத்ததும் நான்தான், பசித்தால் வாங்கிக்கோ என்று 20 ரூபாய் வைத்துவிட்டுப் போவதும் நான்தான். இதே மாடியில் ஒரு வீட்டிலேயே கடை இருக்கிறது. முந்தாநாள் மெத்தைக்கு அடியில் மசாலா ஒட்டிய காலி கவர் பதினொன்று எடுத்தேன். திட்ட மனசு வரவில்லை. வழி சொல்லுங்கள்.

நர்ஸ் அக்கா:
முதலில் பட்டினி போட்டுவிடாதீர்கள் அம்மா. வளருகிற பிள்ளை, எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வர வர சரியாகும். 5ஆம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு, மதியம் சத்துணவில் முட்டை, இரண்டையும் விடாமல் சாப்பிடட்டும். சிக்கல் சாயங்காலம் 4 மணிப் பசிதான். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் உலையோடு வேகவைத்து டப்பாவில் வையுங்கள், கூட ஒரு வாழைப்பழம். கலர் குடிக்கிறானா? 200 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 5 ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, அதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், பிறந்தபோது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தானா? அப்படிப் பிறந்து பின்னால் வேகமாக எடை போடும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கண்ணகி நகர் அண்ணன்:
சாப்பாட்டை மட்டும் பேசினால் பாதிதான். பிள்ளை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பூட்டிய வீட்டுக்குள் எப்படி ஓடுவான்? எங்கள் கண்ணகி நகரில் கபடி ஆடி வளர்ந்த கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கப் பதக்கம் வாங்கின பிறகு, பெண் பிள்ளைகளைக்கூட ஆட அனுப்பச் சொல்லி வீட்டில் பேசுவது எளிதாகிவிட்டது. உங்கள் பிளாக்கில் நாலைந்து வீடு சேருங்கள், யாருக்கு அன்று வேலை இல்லையோ அவர் 5 முதல் 6 வரை கீழே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) உறுப்பினர்:
பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் மாடியில் கடை வைத்திருப்பவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்தான், அவரிடம் சண்டை வேண்டாம். சுண்டல், கடலை மிட்டாய் போட்டால் நாங்கள் பத்து வீடு வாங்குகிறோம் என்று பேசிப் பாருங்கள்.

பெரும்பாக்கம் அம்மா:
2.2 கிலோதான் பிறந்தான் அக்கா, இதுவரை யாரும் கேட்டதில்லை. கடைக்கார அக்காவிடம் இப்போதே பேசினேன், திங்கட்கிழமை ஒரு கிலோ கடலை ஊறவைக்கிறாராம். கீழே உட்கார ஞாயிற்றுக்கிழமை என் முறை.