ஃபிஃப்த் வீல்: இடது பின் டயர் ரெண்டாவது தடவையா வெடிச்சிருக்கு, அவசரம்

மேற்குநோக்கி
வணக்கம். ஃபிஃப்த் வீலை (ட்ரக் பெட்டிக்குள்ள மாட்டி இழுக்கிற வீட்டு ட்ரெய்லர்) இழுத்துக்கிட்டு ஐ-40 நெடுஞ்சாலையில, டெக்சஸ்ல அமரில்லோ தாண்டி மேற்கே போயிட்டிருந்தப்ப ட்ரெய்லரோட இடது பக்கப் பின் டயர் வெடிச்சிடுச்சு. ஆறு வாரத்துல இது ரெண்டாவது. ரெண்டு தடவையும் அதே சக்கரம்தான். டயர் புதுசு, காத்தும் சரியாத்தான் இருந்துச்சு. இந்தத் தடவை ரப்பர் பட்டை உரிஞ்சு, சக்கரத்துக்கு மேல இருக்கிற தகட்டைக் கிழிச்சு, கிரே டாங்க் (குளிச்ச, பாத்திரம் கழுவின தண்ணி சேர்ற தொட்டி) வால்வோட கேபிளையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. ஸ்பேர் மாட்டி ஊர்ந்து ஊர்ந்து நியூ மெக்சிகோவுல டூகம்கேரி வந்து கேம்ப்கிரவுண்டுல நிக்கிறோம். நாளைக்கு அல்புகர்க்கி, அப்புறம் கிராண்ட் கேன்யன். சின்னக் குழந்தைங்க கூட இருக்காங்க. என்ன காரணமா இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

கூடாரவாசி
முதல்ல, யாருக்கும் அடி படலையே? அதைச் சொல்லுங்க. அப்புறம்: டயர் சைஸ் என்ன? லோட் ரேஞ்ச் (எவ்வளவு சுமை தாங்கும்கிற வகை எழுத்து) ஈயா ஜியா? காத்து "சரி"ன்னா எத்தனை பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு)? வேகம்?

எனக்குச் சக்கரத்தைச் சுத்த விடற பேரிங் மேலதான் சந்தேகம். கிரீஸ் கன்னை வச்சு ஹப்புல (சக்கரத்தோட நடுக்குடம்) அமுக்கினீங்களா? அளவு மீறினா சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள்ள போயிடும். எனக்கு அப்படி ஆகி ஒரு பக்க பிரேக்கே பிடிக்காமப் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லன்னா 12,000 மைலுக்கு ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணிக் கையால கிரீஸ் அடைக்கிறதுதான் நிம்மதி.

டீசல்மணம்
பேரிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பெனி மாட்டிக் குடுக்கிற மலிவு டயர்தான் காரணம். நாலையும் கழட்டிப் போட்டுட்டு லோட் ரேஞ்ச் ஜி மாட்டுங்க, 110 பிஎஸ்ஐ அடிங்க, பிரச்னை முடிஞ்சுது.

ஏழுமுனை
ரிம் 110 பிஎஸ்ஐ தாங்குமான்னு பாக்காம அப்படி அடிக்கச் சொல்லாதீங்க. பல ரிம்முக்கு 80தான் உச்சம்.

தராசு
இதே கேள்விக்கு இங்க நூறு தடவையாவது பதில் சொல்லியிருக்கேன். புதுசா வர்றவங்க பழைய பதிவுகளைப் படிக்கிறதே இல்ல. எடை எவ்வளவு? போட்டீங்களா, இல்ல கண்ணால பாத்து முடிவு பண்ணீங்களா? வண்டியோட மொத்த எடை, கிங்பின் (ட்ரெய்லரை ட்ரக்கோட மாட்டுற முளை) வழியா ட்ரக் மேல இறங்குற எடை, ஒவ்வொரு அச்சுலயும் எவ்வளவு, ட்ரக் கதவு ஸ்டிக்கர்ல பேலோட் (ட்ரக் மேல ஏத்தக்கூடிய எடை) எவ்வளவு. இந்த நாலு எண்ணும் இல்லாம ஃபிஃப்த் வீலை ரோட்டுக்குக் கொண்டு வர்றதே தப்பு. எண்ணோட வாங்க, பேசலாம்.

மேற்குநோக்கி
யாருக்கும் ஒண்ணும் ஆகல, கடவுள் புண்ணியம். டயர் எஸ்டி (ட்ரெய்லருக்குன்னே செஞ்ச வகை) 235/80 ஆர்16, லோட் ரேஞ்ச் ஈ. காத்து 65, ட்ரக் கதவுல போட்டிருக்கிற மாதிரியே. வேகம் மணிக்கு 73, 75 மைல். அங்க லிமிட்டே 75தான். எடை போட்டதில்ல. வண்டி ஸ்டிக்கர்ல மொத்தம் 13,000 பவுண்டு, அச்சு ஒண்ணுக்கு 6,000. வெடிச்ச டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண் 1424.

கூடாரவாசி
ஐயோ. 65ஆ? ட்ரக் கதவுலயா பாத்தீங்க? அது ட்ரக்கோட டயருக்கு. ட்ரெய்லருக்குத் தனி ஸ்டிக்கர் இருக்கு, இடது பக்கம் முன்பாதியில வெளியே ஒட்டியிருப்பாங்க. இந்த டயர் 80 பிஎஸ்ஐயில 3,520 பவுண்டு தாங்கும். 65ல 3,000தான். ஒரே காத்துக் குறைவுல சக்கரத்துக்கு 520 பவுண்டு போச்சு.

1424ன்னா 2024ல 14வது வாரம் செஞ்சது. அதனால பழசானதால வெடிச்சுதுன்னு சொல்ல முடியாது.

ஒன்ராறியோக்காரன்
தம்பி, வெடிச்ச ரயரை எறிஞ்சு போட்டீங்களோ, வச்சிருக்கிறீங்களோ? வச்சிருந்தா உள்விளிம்பைத் தடவிப் பாருங்கோ. ரெயிலர் அச்சு நேரா இராது, நடுவில மேல் பக்கமாக் கொஞ்சம் வளைச்சுத்தான் செய்வினம். சுமை ஏறினாப் பிறகுதான் சில்லு நேரா நிக்கும். சுமை கூடிப் போனா அந்த வளைவு நிமிர்ந்து உள்விளிம்பு தேயத் தொடங்கும். என்ர வண்டியில இப்பிடித்தான் நடந்தது, அச்சையே மாத்த வேண்டி வந்திட்டுது. உங்கட அச்சு வளைஞ்சிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

மேற்குநோக்கி
ஆமாண்ணா, முன்னாடி போன டயர்ல உள்பக்கம் மட்டும் மொழுமொழுன்னு இருந்துச்சு. கடைக்காரர் அலைன்மென்ட்னு சொன்னார்.

காத்து விஷயம் எனக்கு நிஜமாவே தெரியாது. ஆனா நாலு சக்கரத்துலயும் 65தான் அடிச்சேன், ஒண்ணு மட்டும் ஏன் போகணும்? ஓடி நிறுத்தினதும் பாத்தா இடது பின்னாடி 79 காட்டும், மத்ததெல்லாம் 73, 74. இன்னைக்கு வெடிக்கிறதுக்கு முன்னாடி அமரில்லோல நிறுத்தினப்ப இன்ஃப்ராரெட் வெப்பமானி வச்சுப் பாத்தேன். ஹப் நாலும் 118ல இருந்து 128 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள. டயர் மட்டும் இடது பின்னாடி 158.

பட்டறைக்கை
ஹப் சூடு இவ்வளவுதான்னா பேரிங்கை விட்டுடலாம். பேரிங்கோ பிரேக்கோ மக்கர் பண்ணா ஹப்தான் முதல்ல கொதிக்கும். சூடு டயர்ல இருக்கு, அதுவும் ஒரே டயர்ல. 65 அடிச்சது ஓடி 79 ஆச்சுன்னா இருபது சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு. அந்த டயர் மத்த மூணை விட அதிகமா சுமக்குது.

ஒரே ஒரு கேள்வி. முதல் டயர் போறதுக்கு முன்னாடி இந்த வண்டி எத்தனை வருஷம் தொந்தரவில்லாம ஓடுச்சு? அந்தச் சமயத்துல என்ன மாத்தினீங்க?

மேற்குநோக்கி
நாலு வருஷம் ஒரு பஞ்சர்கூட இல்ல. எதையும் மாத்தல. ட்ரக் மட்டும்தான் புதுசு, ரெண்டு மாசம் ஆகுது. முக்கால் டன் வகை (ஒரு டன் வகைக்கு அடுத்த சின்னது), டீசல், ஃபோர் வீல் டிரைவ். பின் ஸ்பிரிங்குக்குத் துணையா ஏர் பேக்கும் (காத்தடிச்ச பை) போட்டேன், பின்னாடி உக்காரக்கூடாதுன்னு.

பட்டறைக்கை
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். பழைய ட்ரக்கை விடப் புதுசு உயரமா?

மேற்குநோக்கி
ஆமா, அது டூ வீல் டிரைவ். இது நல்ல உயரம். அதுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?

தராசு
முக்கால் டன் டீசலா! சொல்லித்தான் ஆகணும். 13,000 பவுண்டு ஃபிஃப்த் வீல்னா கிங்பின் மேல இறங்குறது இருபதுல இருந்து இருபத்தஞ்சு சதவீதம். குறைச்சலா வச்சாலும் 2,600. அதோட ஹிட்ச் (ட்ரக் பெட்டியில கிங்பின்னைப் பிடிக்கிற கொக்கி), குடும்பம், கூலர் பெட்டி. கதவு ஸ்டிக்கரைப் படிச்சிருந்தா அந்த ட்ரக்கை வாங்கியிருக்கவே மாட்டீங்க. ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்கும், பேலோடைத் தூக்காது.

டீசல்மணம்
ஆரம்பிச்சாச்சு. அவர் கேட்டது ட்ரெய்லர் டயரைப் பத்தி. முக்கால் டன் ட்ரக்குல மொத்த எடை 10,000னு போடறது வகைப்பிரிவுக்காக. அடியில இருக்கிற அச்சும் ஸ்பிரிங்கும் பல மாடல்ல ஒரு டன் ட்ரக்குல இருக்கிறதேதான். அச்சோட ரேட்டிங்கையும் டயரோட ரேட்டிங்கையும் தாண்டாம இருந்தாப் போதும். நான் பதினோரு வருஷமா அப்படித்தான் இழுக்கிறேன்.

தராசு
பதினோரு வருஷம் எதுவும் ஆகலங்கிறது ஆதாரமாகாது. கம்பெனி கையெழுத்துப் போட்ட எண் ஸ்டிக்கர்ல இருக்கு. விபத்துன்னு ஒண்ணு வந்தா எதிராளியோட வக்கீல் முதல்ல அதைத்தான் எடுத்துப் படிப்பார்.

டீசல்மணம்
டன் கணக்கு பாக்கிற நீங்க அவர் 75ல போனதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே? எஸ்டி டயர் பெரும்பாலும் 65 மைலுக்குன்னு கணக்குப் போட்டது. பக்கவாட்டுல வேக எழுத்து தனியா இருந்தாத்தான் அதுக்கு மேல போகலாம்.

ஏழுமுனை
அதுக்காக ஐ-40ல 60ல போனா பின்னாடி வர்ற பெரிய லாரிக்கு யார் பதில் சொல்றது? கலிஃபோர்னியாவுல ட்ரெய்லர் இழுத்தா 55தான் சட்டம், யாரும் சாகல, ஒத்துக்கிறேன். ஆனா டெக்சஸ்ல வலது லேன்லயே எல்லாரும் 70க்கு மேல.

தராசு
லாரிக்காரன் ஒதுங்கிப் போவான். வெடிச்ச டயர் ஒதுங்காது.

சாலைச்சித்தி
போதும்பா. ஒரு குடும்பம் குழந்தைங்களோட வழியில நிக்குது, நீங்க ட்ரக் அளவை வச்சு மல்லுக்கட்டறீங்க. தம்பி, ட்ரக்கை மாட்டின நிலையில சமதளத்துல நிறுத்து. ட்ரெய்லர் சட்டத்தோட அடிவிளிம்புல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு எடு. படுக்கையில மார்பிள் குண்டை விட்டா எந்தப் பக்கம் ஓடுதுன்னு வேணும்னா குழந்தைங்களை விட்டுப் பாக்கச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் ஏழு வருஷமா வண்டியிலயே குடியிருக்கோம், ட்ரக் மாத்தினப்ப இதே கண்டத்துல நாங்களும் இருந்தோம்.

பட்டறைக்கை
சித்தி சொன்னதுதான் நானும் சொல்ல வந்தது. மூக்கு உசந்து வால் தாழ்ந்து போற வண்டியில பின் அச்சு அதிகம் சுமக்கும். உங்க வண்டியில இடது பக்கம்தான் சமையலறை ஸ்லைடா (வெளியே இழுத்து நீட்டுற அறைப் பகுதி)? ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தப் பக்கமா? அப்படின்னா பின் அச்சுலயும் இடது சக்கரம்தான் எல்லாத்தையும் வாங்கும்.

ஏழுமுனை
ஒரு நிமிஷம். இலை ஸ்பிரிங் வண்டியில ரெண்டு அச்சோட ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஆடுற ஈக்வலைசர் இருக்கே? மூக்கு உசந்தாலும் அது ரெண்டு அச்சுக்கும் சுமையைப் பகிர்ந்து குடுத்துடும். நீங்க சொல்றது டார்ஷன் அச்சுக்குத்தான் (இலை ஸ்பிரிங் இல்லாம, உள்ளே ரப்பர் முறுக்குல தாங்குற அச்சு) பொருந்தும்.

பட்டறைக்கை
டார்ஷன் அச்சுக்கு ரொம்பவே பொருந்தும், ஒத்துக்கிறேன். ஆனா ஈக்வலைசர் எவ்வளவு தூரம் வேணா ஆடிக்கிட்டே இருக்காது, ஓரளவு சாஞ்சதும் சட்டத்துல இடிச்சு நிக்கும். நின்னுடுச்சுன்னா அதுக்கு மேல பகிர்வு இல்ல. போல்ட்டைச் சுத்தியிருக்கிற புஷ் தேஞ்சு இறுகிக் கிடந்தாலும் அதே கதைதான். மேற்குநோக்கி, படுத்து அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஒரு இரும்புத்துண்டு தொங்கும். அது எப்படி நிக்குது?

மேற்குநோக்கி
பாத்துட்டு வந்தேன். அந்த இரும்புத்துண்டு பின்பக்கம் மேலே ஏறி சட்டத்தைத் தொட்டுட்டு நிக்குது. தொட்ட இடத்துல பெயின்ட் போய்ப் பளபளன்னு வெள்ளி மாதிரி ஒரு வடு. பக்கத்து போல்ட் ஓட்டை வட்டமா இல்ல, முட்டை மாதிரி நீண்டு போயிருக்கு. உள்ள வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு நொறுங்கிக் கையில உதிர்ந்துச்சு.

டேப் அளவு: முன்னாடி 4 அங்குலம் அதிகம். ஆமா, ஸ்லைடும் ஃபிரிட்ஜும் இடது பக்கம்தான்.

ஒன்ராறியோக்காரன்
அப்ப என்ர கணிப்புப் பிழை. அச்சு பாவம். ஆனாலும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு ஒருக்கா அளந்து பாருங்கோ.

பட்டறைக்கை
அந்த வெள்ளைத் துண்டுதான் நைலான் புஷ். அது தேஞ்சதும் இரும்பு இரும்பை அரைக்குது. ஊருக்குப் போனதும் கிரீஸ் நிப்பிள் வச்ச போல்ட், வெண்கல புஷ், கனமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கை ஈக்வலைசரோட இணைக்கிற தகடு), மூணையும் சேர்த்து மாத்துங்க.

காலைல கிளம்பறதுக்கு முன்னாடி:

ஏர் பேக் காத்தைக் குறைங்க, ட்ரக் கொஞ்சம் உக்காரட்டும். ட்ரக் பெட்டி விளிம்புக்கும் ட்ரெய்லர் அடிப்பாகத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளங்க. 6 அங்குலம் மிஞ்சும்னா ஹிட்ச் தலையை ஒரு ஓட்டை கீழே இறக்குங்க. ட்ரெய்லர் டயர் நாலும் 80 பிஎஸ்ஐ, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, குளிர்ந்த நிலையில. ஓடி சூடான பிறகு அதிகமா காட்டுதுன்னு காத்தை இறக்காதீங்க.

இடது முன் டயரையும் நம்பாதீங்க. பின்னாடி வெடிச்சப்போ அந்தப் பக்க சுமை முழுக்க அது மேலதான் விழுந்துச்சு, உள்ளே நூல் அறுந்திருக்கலாம். அல்புகர்க்கி போனதும் மாத்திடுங்க. ஜாக்கியை அச்சுக்குழாய்க்கு அடியில வைக்காதீங்க, வளைஞ்சிடும். சட்டத்துக்கு அடியில வைங்க. சக்கர நட்டை டார்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்) இறுக்கி 10, 25, 50 மைல்ல திரும்பவும் பாருங்க. வேகம் 65 தாண்ட வேண்டாம்.

தராசு
வழியில லாரி நிறுத்தத்துல கேட் ஸ்கேல் (CAT கம்பெனியோட எடை மேடை) இருந்தா ஏறுங்க. ரெண்டு தடவை போடணும். முதல்ல வழக்கம்போல. அடுத்து, ட்ரெய்லரோட முன் அச்சு ஒரு பலகையிலயும் பின் அச்சு அடுத்த பலகையிலயும் விழற மாதிரி நிறுத்தி. அப்பத்தான் எந்த அச்சு எவ்வளவுன்னு தெரியும். நன்னீர் டாங்க் நிறைய இருந்தா பாதியைத் திறந்து விட்டுடுங்க, ஒரு காலன் 8.3 பவுண்டு. 60 காலன்னா 500 பவுண்டு சும்மா ஊர்வலம் வருது.

சாலைச்சித்தி
போய்ச் சேந்ததும் ஒரு வரி எழுதிடுப்பா. டயர் அழுத்தத்தைக் காட்டுற டிபிஎம்எஸ் ஒண்ணும் வாங்கி மாட்டு. கண்ணாடியில பாத்தா ஃபிஃப்த் வீலோட பின் டயர் வெடிச்சது உடனே தெரியாது, பட்டை உரிஞ்சு உடம்பைக் கிழிச்ச பிறகுதான் தெரியும்.

டீசல்மணம்
ட்ரக் நல்ல ட்ரக்தான் தம்பி, மனசைத் தளர விடாதீங்க.

தராசு
எடை வரட்டும்.

மேற்குநோக்கி
அல்புகர்க்கி வந்தாச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி எடை போட்டேன்: முன் அச்சு 4,420, பின் அச்சு 5,920. ஏர் பேக்கை இறக்கி, ஹிட்ச்சை ஒரு ஓட்டை தாழ்த்தின பிறகு இங்க போட்டப்ப 5,080, 5,240. இடைவெளி 6¾ அங்குலம் இருக்கு. இடது முன் டயர் மாத்தியாச்சு. கடைக்காரர் பழசை உள்ளே விரிச்சுக் காட்டினார், வயித்துல ரெண்டு இடத்துல கம்பி தெரிஞ்சுது. 80 பிஎஸ்ஐ, 63 மைல் வேகம், நாலு டயரும் 115ல இருந்து 121 டிகிரிக்குள்ள. ட்ரக் மொத்தம் 10,720, தராசு சார் சொன்னது சரி, ஊருக்குப் போய் யோசிக்கணும். ரொம்ப நன்றி எல்லாருக்கும். குழந்தைங்க தூங்கறாங்க, அப்புறம் வரேன்.

ஏழுமுனை
சந்தோஷம். கிரே டாங்க் கேபிள் என்ன பண்ணீங்க? எனக்கும் அதேதான் அறுந்து கிடக்கு.