ஸ்டுட்கார்ட் – மிலான் காரில்: கோத்தார்ட் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட்டில் கார் வாடகைக்கு எடுத்து, சூரிச், கோத்தார்ட் வழியாக மிலான் போய் நாலு நாளில் அதே வழியில் திரும்புகிறோம். சுவிஸில் தங்கப் போவதே இல்லை, கடந்து போவதோடு சரி. இதற்கும் வருஷ விக்னெட்தான் (நெடுஞ்சாலையில் ஓட்டக் கட்டும் கட்டண வில்லை) வாங்க வேண்டுமா? கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் சுரங்கம் என்கிறார்கள், அதற்குத் தனியாக எவ்வளவு? ஒரு தளத்தில் மின் விக்னெட் 40 பிராங்க், இன்னொன்றில் அதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். எது சரி?

பதில் 1

40 பிராங்க்தான் சரி. அதிகம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள், சுவிஸ் சுங்கத்துறையின் தளத்திலேயே வாங்குங்கள். பத்து நாள் விக்னெட் என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது ஆஸ்திரியா, சுவிஸில் வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான். ஆனால் முந்தைய டிசம்பர் 1 முதல் அடுத்த ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும், போக வர எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். கோத்தார்ட்டுக்குத் தனியாக ஒரு காசும் இல்லை. கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கத்துக்குத்தான் விக்னெட் இருந்தாலும் தனியாகக் கட்ட வேண்டும், அது உங்கள் வழியில் வராது.

பதில் 2

வாடகைக் கார் என்பதால் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கவனியுங்கள். மின் விக்னெட் நம்பர் பிளேட்டோடு சேர்ந்தது. நான் போன வருஷம் முந்தின நாளே போன் போட்டு நம்பர் கேட்டு, அதற்குப் பணம் கட்டிவிட்டேன். காலையில் கவுன்டரில் போய் நின்றால் அந்தக் கார் இன்னும் திரும்பி வரவில்லை என்று வேறு சாவியைக் கொடுத்தார்கள். பழைய நம்பருக்குக் கட்டிய 40 போனது போனதுதான், புதுசாக இன்னொரு 40 கட்டினேன். விக்னெட் இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், விக்னெட் காசு வேறு. அதனால் சாவி கைக்கு வந்தபின், முதலில் முன்கண்ணாடியில் ஏற்கனவே விக்னெட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அது இந்த வருஷத்துடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளேட்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து போனில் அடியுங்கள். பணம் கட்டிய உடனே செல்லுபடியாகும், காத்திருக்க வேண்டியதில்லை.

பதில் 3

காசைவிட நேரம்தான் கோத்தார்ட்டில் பிரச்சினை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். 2001 அக்டோபரில் உள்ளே லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள், அதற்கப்புறம் லாரிகளை இடைவெளி விட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். ஈஸ்டர் சமயத்திலும் கோடை விடுமுறை சனிக்கிழமைகளிலும் சுரங்கத்தின் வடக்கு முனையான கோஷெனன் வாசலில் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். விடியுமுன் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். கோடையாக இருந்தால் மேலே கணவாய்ச் சாலை திறந்திருக்கும், நேரம் கூடுதல்தான், ஆனாலும் அதில் ஏறி இறங்குவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். இல்லாவிட்டால் கூர் நகரம் பக்கம் சுற்றி சான் பெர்னார்டினோ சுரங்க வழி, அதுவும் அதே விக்னெட்டில் அடங்கும். இன்னொன்று, எல்லை ஊரான கியாசோ தாண்டியதும் இத்தாலியில் டோல் தனி, விக்னெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. இன்று ராத்திரியே நம்பர் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். சரி, சாவி வாங்கின பிறகே கட்டுகிறேன். கிளம்புவது சனிக்கிழமை, அதை வெள்ளிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று வீட்டில் கேட்கிறேன்.