கண்ணாடி துடைக்கிற தொழிலில் நீங்கள் கையால் செய்துகொண்ட கருவிகள்: அனுபவம் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து

11 வருடமாகக் கண்ணாடி துடைப்பதுதான் தொழில். முதல் 7 வருடம் ஓஎம்ஆர் கட்டடங்களில் கயிற்றில் தொங்கினேன். இப்போது நாலு பையன்களோடு சேர்ந்து வீடுகள், சின்ன ஆபீஸ்கள் எடுத்துச் செய்கிறேன். கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கிற ரப்பர் வைப்பரைக் கடையில் வாங்கியபடியே வைத்திருக்கும் ஆள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எதையாவது வெட்டியிருப்பார்கள், ஓட்டை போட்டிருப்பார்கள், சைக்கிள் டியூப் சுற்றியிருப்பார்கள். அந்த ஆள் ஊருக்குத் திரும்பிவிட்டால் அந்தக் கைவேலையும் அவரோடு போய்விடுகிறது. அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அதனால் கேட்கிறேன், நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். செய்து கெட்டுப்போனதையும் சொல்லுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். ஈசிஆரில் ஒரு வீடு. வராண்டா முழுக்க மரச்சட்டம் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டத்தின் அகலம் ஏழரை இன்ச். என்னிடம் இருந்ததிலேயே சின்ன வைப்பர் 10 இன்ச். துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டும், வெயில் பட்டதும் கோடு கோடாகத் தெரியும். முந்தின நாள் ராத்திரி அந்த 10 இன்ச் வைப்பரில் ரப்பரைப் பிடித்திருக்கிற எஸ்.எஸ். சேனலை ஆக்சா பிளேடால் 7 இன்ச்சுக்கு அறுத்தேன். ரப்பரையும் அதே அளவுக்கு, கத்தரிக்கோலால் வெட்டினேன்.

அதில் இரண்டு தப்பு. அறுத்த முனையில் பிசிர் இருந்தது, அரம் போடவில்லை. ரப்பரும் சேனலும் ஒரே நீளத்தில் இருந்தன. மூன்றாவது கட்டத்தில் ஓரமாக இழுக்கும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் விரல் நீளத்துக்குக் கீறல். நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. அந்தக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கூலி போனது.

அந்தச் சேனலை நான் தூக்கிப் போடவில்லை. முனைகளுக்கு அரம் போட்டு, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் உறுத்தாவிட்டால் கண்ணாடியையும் கீறாது. ரப்பரை ஏழேகால் இன்ச்சுக்கு வெட்டினேன், அதாவது இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. ரப்பரை வெட்டக் கத்தரிக்கோல் ஆகாது, முனை வளைந்துவிடும், ஓரத்தில் தண்ணீர்க் கோடு நிற்கும். புது பிளேடை வைத்து ஒரே இழுப்பு. இன்றைக்கும் அந்த 7 இன்ச் என் பையில் இருக்கிறது.

நாம் பிடிக்கிற ஒற்றை ரப்பர் வைப்பரே இப்படி வந்ததுதான். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே. அன்றைக்கு இருந்தது கனமான இரும்பு வைப்பர். ரப்பர் மாற்ற வேண்டுமென்றால் வரிசையாக ஸ்குரூ கழற்ற வேண்டும். அவர் லேசான பித்தளையில் தானே ஒன்று செய்துகொண்டு, 1936-இல் காப்புரிமை வாங்கினார். அதைச் செய்ததும் நம் மாதிரி ஜன்னல் துடைத்த கைதான்.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, நீங்கள் சொன்ன 3 மில்லிமீட்டர் கணக்கு எனக்கும் கண்ணாடி ஒன்று போன பிறகுதான் தெரிந்தது. நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து வீட்டு வேலை மட்டும் எடுக்கிறோம். கடை வைப்பர் எதுவும் நம் ஊர் ஜன்னலைப் பார்த்துச் செய்ததில்லை. நம் ஜன்னலில் உள்பக்கம் கிரில் இருக்கிறதே! கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடம். கையை விட்டால் முழங்கை மாட்டும். வைப்பரைக் கண்ணாடியில் சாய்த்துப் பிடிக்கவே முடியாது, கைப்பிடி கம்பியில் இடிக்கும்.

பழைய வைப்பரின் தலையை மட்டும் வெட்டி எடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கிற அண்ணனிடம் ஒரு அடி நீள எஸ்.எஸ். பட்டை வாங்கி, தலையை அதில் ரிவெட் அடித்தோம். அப்புறம் பட்டையை வைஸில் கடித்து, தலையிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி வளைத்தார். இப்போது பட்டை கம்பிக்கு வெளியே என் கையில் இருக்கிறது, ரப்பர் உள்ளே கண்ணாடியில் படிகிறது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கம்பியில் உரசிப் பெயின்ட் போகக் கூடாது என்று பட்டை முழுக்க சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

முதலில் பித்தளைக் கைப்பிடியையே வளைக்கப் பார்த்தோம். வார்ப்புப் பித்தளை, 'டக்'கென்று உடைந்துவிட்டது. யாரும் அதை முயற்சி செய்யாதீர்கள்.

துபாயிலிருந்து

சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். இங்கே எங்களுக்கு எதிரி சூடுதான். ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த நேரம் போக மீதி நேரத்திலும் கண்ணாடி சுடும். சோப்புத் தண்ணீர் தடவி வைப்பரை எடுப்பதற்குள் காய்ந்து, சோப்பு அப்படியே படிந்துவிடும்.

தண்ணீர் தடவுகிற கட்டையில் துணி உறை மாட்டுகிறோமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டையில் 8 மில்லிமீட்டர் டிரில்லால் வரிசையாக ஓட்டை போட்டேன். உள்ளே சமையலறை ஸ்பாஞ்சை நீளமாக வெட்டித் திணித்தேன். முன்பு ஒரு முக்கில் ஒரு கண்ணாடி, இப்போது இரண்டு வருகிறது. ஓட்டையை ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், கட்டை அங்கேதான் முறியும்.

இடுப்பு டப்பாவும் நானே செய்ததுதான். 4 இன்ச் பிவிசி பைப் ஒரு அடி, கீழே மூடி, மேலே பெல்ட் நுழைய இரண்டு வெட்டு. அடியில் ஒரு விரல் அளவு சோப்புத் தண்ணீர். கட்டையை உள்ளே சொருகி வைத்தால் ஒவ்வொரு தடவையும் வாளிக்கு இறங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலிருந்து

கோண்டோலாவில், அதாவது கட்டடத்துக்கு வெளியே கயிற்றில் தொங்குகிற மேடையில், 9 வருடம். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி, பொறுமையாகப் படியுங்கள்.

13-ஆவது மாடியில் ஒரு தடவை என் கை வழுக்கி வைப்பர் விழுந்தது. கீழே தடுப்புக் கட்டியிருந்தோம், புல்வெளியில் விழுந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் தரைக்கு வர மூன்று விநாடிகூட ஆகாது. காற்றுத் தடையை விட்டுவிட்டால் தரையைத் தொடும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். பித்தளை வைப்பர் அந்த வேகத்தில் ஒரு தலையில் விழுந்தால்?

அதற்குப் பிறகு பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் வயரை எடுத்து, அதோடு 3 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சேர்த்துப் பின்னி, ஒரு முனையை வைப்பரிலும் மறுமுனையை வாளிக் கம்பியிலும் கட்டினேன். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், காலில் சுற்றாது. மற்றவர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்கு அப்படிப் பெருமை.

ஒரு நாள் பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. ஒரு கிலோ எடையை அந்தக் கயிற்றில் கட்டி, மேலேயிருந்து விடச் சொன்னார். இரண்டாவது தடவையில் முடிச்சு அவிழ்ந்தது. முடிச்சு நான் போட்டதுதான். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிற கயிறுதான் மேலே வரலாம், தம்பி." இப்போது எடை அச்சிட்ட கயிறு மட்டும்தான். கைப்பிடி வழுக்காமல் டியூப் சுற்றுவது, ரப்பர் வெட்டுவது, அதெல்லாம் இன்றும் நானே செய்கிறேன்.

ஈரோட்டிலிருந்து

எங்கள் பக்கம் பிரச்சினை தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் போர்வெல் தண்ணீரில் விட்டால் 900 காட்டும். அதில் கழுவிக் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு வெள்ளைப் பொட்டாகக் கண்ணாடியில் நிற்கும். வெளிநாட்டில் நீளக் கம்பில் பிரஷ் மாட்டி, சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவி அப்படியே விட்டுவிடுகிறார்கள், துடைப்பதே இல்லை என்று வீடியோவில் பார்த்தேன். அந்தக் கம்பும் மெஷினும் நம்மால் வாங்கக்கூடிய விலையில் இல்லை.

நான் செய்தது இது. வயலுக்கு மருந்து அடிக்கிற 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர் புதிதாக ஒன்று. பழையது வேண்டாம், மருந்து வாடையோடு யார் வீட்டுக்கும் போக முடியாது. அதன் பைப்பில் ஆர்ஓ கடையில் கிடைக்கிற கால் இன்ச் வெள்ளை டியூபை இணைத்து, கம்பு வழியாக பிரஷுக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் பீய்ச்ச இரண்டு சொட்டுநீர் நாஸில். தண்ணீரை வீட்டு ஆர்ஓவில் பிடித்து, 10 இன்ச் ஃபில்டர் கூட்டில் நிரப்பிய ரெசின் (மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்கிற சின்ன மணிகள்) வழியாக விடுகிறேன். ஆர்ஓவில் 40, ரெசினுக்குப் பிறகு 2. பத்துக்குக் கீழே இருந்தால் பொட்டு விழுவதில்லை.

ஆர்ஓ இல்லாமல் நேராகப் போர்வெல் தண்ணீரை ரெசினில் விட்டுப் பார்த்தேன். ஒரு கேன் நிரம்புவதற்குள் மீட்டர் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆர்ஓ வழியாக விட்டால் அதே ரெசின் 400 லிட்டர் தாண்டியும் ஓடுகிறது.

இனிமேல்தான் முக்கியமானது. முதலில் நான் எடுத்த கம்பு அலுமினியத் தொரட்டி, தேங்காய் பறிக்கிறோமே அது. இரண்டாம் மாடி ஜன்னலைக் கழுவிவிட்டுத் திரும்பும்போது கீழ்வீட்டு அம்மா "தம்பி, கம்பி!" என்று கத்தினார். நிமிர்ந்தால் தொரட்டி முனைக்கும் ஈபி லைனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கை நடுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தொரட்டியை அன்றைக்கே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பினேன். இப்போது ஃபைபர் கிளாஸ் கம்பு. கார்பன் ஃபைபரும் ஃபைபர்தானே என்று ஒருவர் கேட்டார். இல்லை, கார்பனில் மின்சாரம் பாயும். ஃபைபர் கிளாஸே ஆனாலும் நனைந்த கம்பை நம்பி லைன் பக்கம் போவதில்லை. அந்தப் பக்க ஜன்னலை உள்ளேயிருந்துதான் துடைக்கிறேன்.

சென்னையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சிங்கப்பூர் தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் என் பையன்களில் ஒருவன், உயரத்தில் விழாமல் உடம்பில் மாட்டுகிற ஹார்னஸின் தொடைப் பட்டையை செருப்பு தைக்கிற தாத்தாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்திருந்தான். தையல் அழகாக இருந்தது. தாத்தாவின் கை அப்படி. பையன் பணம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் என்னிடம் காட்டினான். பட்டையில் ஐ.எஸ். 3521 என்று இந்தியத் தர எண் அச்சிட்டிருந்த லேபிளுக்குப் பக்கத்திலேயே அந்தப் புதுத் தையல். நான் கத்தியை எடுத்து, அவன் கண் முன்னாலேயே அந்தப் பட்டையைக் குறுக்கே அறுத்தேன். வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். அவன் ஒரு நாள் என்னோடு பேசவில்லை. புது ஹார்னஸ் வந்த பிறகுதான் வேலைக்கு அனுப்பினேன்.

சரி, கோயம்புத்தூர் அக்கா, அந்த கிரில் வைப்பர் எனக்கு உடனே வேண்டும். பட்டையை எவ்வளவு வளைத்தீர்கள்? சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

டிகிரிக் கணக்கு நாங்கள் பார்க்கவில்லை அண்ணா. வீட்டிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துப் போய் பட்டறைக்காரரிடம் காட்டினேன். கழுத்து வளைந்திருக்குமே, அந்த வளைவுதான். ஒரு தடவைக்கு முழுசாக வளைக்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் வளைத்து, கிரிலுக்குள் விட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம். நாங்கள் பட்டறையிலேயே விற்பனைக்கு நின்ற ஒரு ஜன்னலில் வைத்துப் பார்த்துத்தான் சரிசெய்தோம். பட்டை 3 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும், இரண்டு போதாது, அழுத்தும்போது துள்ளும்.