கோயில் பலகையில் திதி எழுதுவது: வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நாலு மணி நேர வித்தியாசம் ஏன்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் தினமும் வாசல் பலகையில் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எழுதி வைக்கிறோம். கோயிலில் இருப்பது பழைய மனப்பாடச் சூத்திரங்களால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம். பலகையைப் பார்த்துத்தான் தெருவில் பலர் திவசத்துக்கு நாள் குறிக்கிறார்கள். அதனால் தப்பாக எழுதிவிடக் கூடாது.

ஆவணியில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பஞ்சாங்கத்தில் "அஷ்டமி நா. 18 வி. 40" (உதயத்திலிருந்து நாழிகை, விநாழிகை), அகசு (பகலின் நீளம்) 30-47. திருக்கணிதத்தில் (இக்கால வானியல் கணக்கில்) போட்ட தினசரி காலண்டரில் அதே நாள் அஷ்டமி மாலை 5.50 வரை. செல்போன் செயலியும் 5.50 என்றே காட்டுகிறது.

நாழிகையை மணியாக்கும்போது கடலூர் உதயத்தை எடுக்கலாமா, பஞ்சாங்கம் அச்சான ஊரின் உதயமா? வித்தியாசம் இவ்வளவு வருவது அச்சுப்பிழையா? அமாவாசை, பௌர்ணமியில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவே, அது எப்படி? இப்படிப்பட்ட நாளில் அஷ்டமித் திவசம் யாருக்கு என்றைக்கு?

---

நாழிகைவட்டில் (விருத்தாசலம்)

கணக்கை முதலில் பார்ப்போம். 1 நாழிகை 24 நிமிடம், 1 விநாழிகை 24 விநாடி. 18 × 24 = 432 நிமிடம், அதாவது 7 மணி 12 நிமிடம். 40 விநாழிகை 16 நிமிடம். மொத்தம் 7 மணி 28 நிமிடம். உதயம் 6.02 என்றால் அஷ்டமி பகல் 1.30-க்கு முடிகிறது.

இதில் அடிக்கடி நேரும் பிசகு, 18-40 என்பதைப் பதினெட்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு என்று மணிக்கணக்காகவோ, தசமப் புள்ளியாகவோ படிப்பது. அடுத்தது, எல்லா நாளும் உதயத்தை 6 மணி என்று வைத்துக்கொள்வது. கடலூரில் மே கடைசியில் உதயம் 5.45 சுமாருக்கு, ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டி. ஆறு மணி என்று வைத்தால் ஜனவரியில் அரை மணிக்கு மேல் தவறும்.

எந்த ஊர் உதயம் என்ற கேள்விதான் முக்கியம். திதி முடிவது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகையின் அடுத்த படியைத் தாண்டும் கணம். அந்தக் கணம் கடலூருக்கும் காசிக்கும் ஒன்றே. உதயம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. உதயத்திலிருந்து எண்ணுவதால் நாழிகையும் மாறுகிறது. ஆகவே நாழிகையை மணியாக்கும்போது பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊர் உதயத்தையே கூட்டுங்கள். முகப்பிலோ முதல் பக்கங்களிலோ ஊர் பெயர் இருக்கும். மணி கிடைத்த பிறகு அதைக் கடலூர் உதயம், அஸ்தமனத்தோடு ஒப்பிடுங்கள். சென்னைக்குக் கணித்ததென்றால் ஜூனில் சென்னை உதயம் கடலூருக்கு நாலு நிமிடம் முந்தும். டிசம்பரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தீர்க்கரேகையால் வருகிற 2 நிமிடத்தோடு அட்சரேகையால் வருவது கோடையில் கூடுகிறது, குளிரில் கழிகிறது. திதிக்கு இந்த நாலு நிமிடம் பெரிதல்ல. லக்னம் பார்க்கிறவர்களுக்குத்தான் உறைக்கும்.

செயலியில் ஊர் அமைப்பு கடலூரா என்று பாருங்கள். உஜ்ஜயினி என்று விட்டிருந்தால் திதி முடிவு மணி சரியாகவே இருக்கும். ஆனால் தீர்க்கரேகையால் மட்டுமே உதயம் 16 நிமிடம் தள்ளிப்போய், ராகுகாலம் எமகண்டம் எல்லாம் நகர்ந்துவிடும்.

ராகுகாலத்துக்கும் ஒரு வார்த்தை. பகலை எட்டாகப் பிரிப்பதுதான் முறை. நீங்கள் சொன்ன நாளில் பகல் 739 நிமிடம், ஒரு பங்கு 92 நிமிடம் சொச்சம். அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் நாலாம் பங்கு 10.39-லிருந்து 12.11 வரை. எல்லோரும் சொல்லும் பத்தரை பன்னிரண்டு, உதயத்தை ஆறு என்று வைத்த கணக்கு.

---

சோழிக்கணக்கு (புதுச்சேரி)

நாலு மணி நேரம் இருபது நிமிடம் என்பது அச்சுப்பிழை அல்ல. இரண்டு முறைகளும் அஷ்டமியை ஒட்டித்தான் அதிகம் பிரியும். ஐந்து மணி நேரம் வரைகூடப் போகும்.

வாக்கியம் என்பது சந்திரனுக்கு வரருசி என்ற முன்னோர் பெயரில் வழங்கும் 248 சொற்றொடர்கள். ஒவ்வொன்றும் கடபயாதி எழுத்தெண்ணால் அந்நாள் சந்திரன் நின்ற ராசி, பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மூன்றையும் சொல்லும். 248 நாளில் சந்திரன் தன் உச்சத்திலிருந்து (பூமிக்கு மிகத் தொலைவான இடம்) புறப்பட்டு மறுபடி உச்சத்துக்கு வருவது ஏறக்குறைய சரியாக 9 முறை நடந்துவிடும். ஆகவே அதே வரிசையைத் திரும்ப ஓட்டலாம். சேரும் சிறு பிசகை 3031 நாள் என்ற பெரிய சுற்றால் (110 முறை) சரிசெய்கிறார்கள். கையில் ஏடில்லாமல் மனப்பாடமாகவே கிரக நிலையைக் கணிக்கக்கூடிய முறை. இதை ஏற்படுத்தியவர்கள் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

சந்திரன் தன் சராசரி இடத்திலிருந்து முன்னும் பின்னும் விலகும் அளவு அமாவாசை, பௌர்ணமியில் அதிகபட்சம் சுமார் 5 பாகை. அஷ்டமி வாக்கில் சூரியனின் ஈர்ப்பு வேறு கோணத்தில் சேர்ந்துகொள்வதால் அதுவே ஏழரைப் பாகை வரை போகிறது. வாக்கியம் எல்லா நாளுக்கும் அந்த 5 பாகையையே எடுக்கிறது. முன்னோர் தங்கள் கணக்கைச் சரிபார்த்தது கிரகணங்களை வைத்து. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். அந்த இரண்டு இடத்திலும் கணக்கு நன்றாகவே ஒத்துப்போயிற்று. நடுவில் விடுபட்ட இரண்டரைப் பாகையை நாளுக்கு 12 பாகை என்ற சந்திர–சூரிய இடைவேகத்தால் வகுத்தால் ஐந்து மணி நேரம் வந்துவிடும். உங்கள் மூன்றாவது சந்தேகத்துக்கும் இதுவே பதில்.

பஞ்சாங்கக்காரர்கள் இதை "பாண விருத்தி, ரஸ க்ஷயம்" என்பார்கள். வாக்கியத்தில் ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் 5 கூடும், 6 குறையும்: 65-க்கும் 54-க்கும் இடையில் நிற்கும். திருக்கணிதத்தில் "சப்த விருத்தி, தச க்ஷயம்": 67 வரை ஏறும், 50 வரை இறங்கும். கையில் கிடைத்த பஞ்சாங்கம் எந்த முறை என்று அட்டையில் தெளிவாக இல்லையா, ஒரு மாதத் திதிகளின் நீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 52 நாழிகைத் திதி ஒன்று கண்ணில் பட்டாலே அது வாக்கியம் அல்ல.

நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-ல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீய், 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடியதால் அதைக் காணவே இல்லை. ஆனால் இங்குள்ள தமிழர்களிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது; ஐரோப்பாவில் பேர்போன வானியலாளர் மாயரின் சந்திர அட்டவணை 68 விநாடி கூடிற்று. பிறகு 1825-ல் ஜான் வாரன் என்ற ஐரோப்பிய ஆய்வாளர், இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் அடுக்கி, மனப்பாடமாகவே அவ்வருஷம் மே 31 – ஜூன் 1 கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். அதில் தொடக்கம் 4 நிமிடமே பிசகிற்று. முடிவு 52 நிமிடம் பிசகிற்று. ஒரு கிரகணம் நெருங்கி வந்தது என்பதற்காக எல்லாக் கிரகணமும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று பல வாக்கியப் பஞ்சாங்கங்களும் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தைப் போடுவது இதனால்தான்.

---

கெடிலக்கரை

மிகவும் நன்றி, தெளிவாகிவிட்டது. அப்படியானால் பலகையில் "அஷ்டமி பகல் 1.30 வரை, பிறகு நவமி" என்று எழுதுகிறேன். அதைப் பார்த்து அஷ்டமித் திவசக்காரர் அன்றைக்கே வந்துவிட்டால் சரிதானா?

---

தென்பெண்ணை (நெல்லிக்குப்பம்)

சரியல்ல. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

வருஷத் திவசத்துக்கு உதயத்தில் இருக்கும் திதி பார்ப்பதில்லை. அபராண்ணத்தில் இருக்கும் திதியே கணக்கு. பகலை ஐந்தாகப் பிரித்தால் பிராதக்காலம், சங்கவம், மத்தியானம், அபராண்ணம், சாயங்காலம். நாலாவது பங்கு அபராண்ணம். கடிகாரமே வேண்டாம், அகசு போதும். 30-47-ஐ ஐந்தால் வகுத்தால் பங்கு 6 நாழிகை 9 விநாழிகை சொச்சம். மூன்று பங்கு கழித்து 18-28-க்கு அபராண்ணம் தொடங்கி 24-38-க்கு முடிகிறது. மணியில் 1.25 முதல் 3.53 வரை. உங்கள் வாக்கிய அஷ்டமி 18-40-க்கே முடிந்துவிடுகிறது. அபராண்ணத்தில் அஷ்டமிக்கு 12 விநாழிகைதான், ஐந்து நிமிடம். மீதியெல்லாம் நவமி. ஆகவே வாக்கியப்படி அன்று நவமித் திவசம். அஷ்டமி முந்தின நாளே.

திருக்கணிதத்தில் 5.50 வரை அஷ்டமி இருப்பதால் அபராண்ணம் முழுக்க அஷ்டமி. அந்த வழிக்காரர்களுக்கு அன்றுதான் அஷ்டமித் திவசம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு நாள் வித்தியாசம் வரும், இரண்டும் முறைப்படியே. பஞ்சாங்கத்தில் சிராத்த திதி என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். பலகையில் தனி வரியாக அதையும் எழுதிவிட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள்:

திதி: அஷ்டமி பகல் 1.30 வரை
சிராத்த திதி: நவமி
(வாக்கியப்படி)

அந்த "வாக்கியப்படி" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டு நாளும் அபராண்ணத்தில் ஒரே திதி சமமாக வந்தாலோ, இரண்டு நாளும் வராமல் போனாலோ விதி வேறு. அந்தக் குடும்பத்து வாத்தியாரிடம் விட்டுவிடுவதே நல்லது. உதயத் திதியையே கொள்ளும் குடும்பங்களும் உண்டு, அவர்கள் வழக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டாம்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதது ஒன்று. இறந்த திதியை வாக்கியத்தில் குறித்துவிட்டு, வருஷா வருஷம் தேதியைத் திருக்கணிதக் காலண்டரில் தேடுவது. அஷ்டமி, நவமி பக்கத்தில் நடந்த மரணமாக இருந்தால் திதியே ஒன்று மாறிப்போயிருக்கும். எதில் குறித்தீர்களோ அதிலேயே கடைசிவரை பாருங்கள்.

மாசத்துக்கும் கவனம் வேண்டும். நாம் சௌரமான மாசம் (சூரியன் ராசி மாறுவதை வைத்து வரும் தமிழ் மாசம்), பட்சம், திதி பார்க்கிறோம். ஒரே தமிழ் மாசத்தில் அதே திதி இரண்டு தரம் வந்தால் பிந்தியதைக் கொள்வது பெரும்பான்மை வழக்கம். 2023 ஆடியில் ஜூலை 17-லும் ஆகஸ்ட் 16-லும் அமாவாசை வந்து குழப்பம் ஆனது நினைவிருக்கும்.

---

அரசலாற்றங்கரை (காரைக்கால்)

ஊருக்கு ஊர் வழக்கம் மாறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் பலகை பார்க்கிறவர்கள் அடுத்துக் கேட்பது சனிப்பெயர்ச்சியாகத்தான் இருக்கும்.

திருநள்ளாறு வாக்கியத்தையே பின்பற்றுகிறது. திருக்கணிதத்தில் சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் விழா நடந்தது 2023 டிசம்பர் 20. அன்றைக்குத் திருக்கணிதப்படி சனி கும்பத்தில் ஏறக்குறைய 8 பாகை தாண்டிவிட்டது. மீனத்துக்கும் அப்படியே: திருக்கணிதம் 2025 மார்ச் 29, வாக்கியம் 2026 மார்ச் 6. சனியின் வேகம் வருஷத்துக்கு 12 பாகைதான். ஆகவே சில பாகைப் பிசகு மாதக்கணக்காக நீண்டுவிடுகிறது. சந்திரன் போல மணிக்கணக்கில் தீராது. பலகையில் பெயர்ச்சி எழுதும்போது இரண்டு தேதியையும் போட்டு, கோயிலில் விழா எதற்கு என்று அடிக்கோடிட்டு விடுங்கள்.

புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்குள்ளேயே மூன்று மரபு இருக்கிறது. புதுச்சேரி, காரைக்காலில் தமிழ் சௌரமானம்: சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாசப்பிறப்பு, பின் என்றால் மறுநாள். மாஹேயில் மலையாளக் கொல்லம் ஆண்டு. அங்கே எல்லை அஸ்தமனம் அல்ல, பகலின் ஐந்தில் மூன்று பங்கு முடியும் நேரம், அதாவது அபராண்ணம் தொடங்குமுன். 2023-ல் மேஷ சங்கரமணம் (சூரியன் மேஷ ராசிக்கு மாறுவது) ஏப்ரல் 14 பிற்பகல் 3 மணி அளவில் (திருக்கணிதம்). நமக்கு அன்றே சித்திரை 1. அவர்களுக்கு மேடம் (மேஷ மாசம்) 1 மறுநாள் 15. ஏனாமில் சந்திரனை வைத்து எண்ணும் தெலுங்கு சாந்திரமானம், அமாவாசையோடு மாசம் முடியும். 2025-ல் விசுவாவசு வருஷம் அவர்களுக்கு மார்ச் 30 யுகாதியில் தொடங்கிவிட்டது, நமக்கு ஏப்ரல் 14. அவர்களுக்கு அதிக மாசம் என்று தனி மாசமே வரும். 2026-ல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜ்யேஷ்டம். நமக்கு வைகாசி வைகாசியாகவே நடக்கும்.

வடநாட்டில் பௌர்ணமியோடு மாசம் முடிப்பார்கள். செயலி அந்த அமைப்பில் இருந்தால் கோகுலாஷ்டமியைச் சிராவணம் என்று காட்டாமல் பாத்ரபதம் என்று காட்டும். நாள் மாறாது, மாசப்பெயர் மட்டும் மாறும். தேய்பிறையில்தான் இது நேரும், வளர்பிறையில் இரண்டும் ஒன்றே.

மாசி மகத்துக்கும் இதே கவனம் தேவை. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. மக நட்சத்திரம் இரண்டு நாளில் பரவும்போது காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், சுவாமி புறப்படும் கோயிலின் பத்திரிகையில் உள்ள நாளையே பலகையில் எழுதுங்கள்.