காலேஜ் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரி ஆகப் பயிற்சி: சேலம் பக்கத்து அனுபவங்கள்

சிவதாபுரத்திலிருந்து:

இரண்டு வாரம் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து தெருப் பையன்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, ஆர்மி செலக்‌ஷன் எப்போ வருது?" எதற்கு, ஜவானுக்கா ஆபீசருக்கா என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் முழித்தேன். நம் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு, "மிலிட்டரிக்குப் போறான்". இரண்டுக்கும் வழி வேறு என்று சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம். ஆள் சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று மட்டும் தெரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு அடிவாரம் போய் மலை ரோட்டில் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு வரை ஓடிவிட்டு இறங்குவேன். ஒருநாள் மேலேயிருந்து நடந்து வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். முதுகு கொஞ்சமும் வளையாத நடை.

"தம்பி, எதுக்கு இந்த மேட்டுல ஓடுறே?"

"ஆர்மிக்குங்க ஐயா."

"ஜவானா, ஆபீசரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என்ன படிக்கிறாய், காலேஜில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) இருக்கிறதா என்று கேட்டார். இருக்குங்க, சேரலைங்க என்றேன். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில மொத வேலையா போய்ப் பேர் குடு. என்.சி.சி.யோட கடைசித் தேர்வு சி சர்ட்டிபிகேட், அதுக்கு மூணு வருஷம் ஆகும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டீன்னா அந்தக் கதவு சாத்திடும்."

அவர் ஓய்வுபெற்ற சுபேதார், அதாவது ஜவானுக்கு மேலே, ஆபீசருக்குக் கீழே இருக்கும் பதவி. கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்கு ஆர்டர் போட்ட ஆபீசருங்கள்ல பாதிப் பேரு என் புள்ள வயசு. அதுல நம்ம ஊருப் பையன் ஒருத்தன்கூட இல்ல, தம்பி."

மறுநாளே போய்ச் சேர்ந்தேன். அவர் சொன்ன கதவு என்ன என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று உண்டு. சி சர்ட்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம், வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இவை இருந்தால் எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் 49 வாரம் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. நம் பசங்க 'அமரன்' படத்தில் பார்த்துப் பூரிக்கிற மேஜர் முகுந்த் வரதராஜன் வெளிவந்ததும் இதே பரங்கிமலைதான். சேலத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்.

காலேஜ் பாதி, பரேடு பாதி என்று மூன்று வருடம் ஓடியது. பரேடு வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் சர்ட்டிபிகேட் தேர்வுக்கே உட்கார முடியாது. கமாண்டு எல்லாம் இந்தியில்தான். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட் என்று அர்த்தம் தெரியாமலே கால் பழகிவிடும், அப்புறம்தான் மூளைக்கு ஏறும். கேம்ப்பில் முதல் தடவை பாயிண்ட் டூ டூ ரைஃபிளைத் தொட்டபோது என் ஐந்து குண்டும் ஐந்து திசைக்குப் போயின. எங்கள் ஹவில்தார் திட்டவில்லை, பக்கத்தில் படுத்து மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், விசையை எப்படி அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார்.

இப்போது எஸ்.எஸ்.பி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை நான் தோற்றது உடம்பால் இல்லை. தொப்பூர் கணவாய் தாண்டி பெங்களூருக்குப் பஸ்ஸில் போனேன், பையில் ஒரு கோச்சிங் சென்டர் கொடுத்த நோட்டு. ஐந்து நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்கில் மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் காட்டி நாலு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள், பிறகு குழுவில் பேச வேண்டும். எங்கள் பேட்சில் பாதிக்கு மேல் அன்றே ஊர் திரும்பினார்கள். நான் தங்கினேன். இரண்டாம் நாள் மனநிலைத் தேர்வு, பதினைந்து விநாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொல் வரும், மனதில் முதலில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். நான் தோன்றியதை எழுதவில்லை, நோட்டில் படித்ததை எழுதினேன்.

நேர்முகத்தில் அதிகாரி நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்து, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். என் அப்பா கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறவர். நான் "சில்வர் பிசினஸ்" என்றேன். எவ்வளவு முதலீடு, எங்கே விற்கிறார், வெள்ளி விலை ஏறினால் என்ன செய்வார் என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சேர்த்துக்கொண்டே போனேன். ஐந்தாம் நாள் என் பெயர் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது தோற்றதைவிட அப்பாவை மறைத்ததுதான் அதிகம் வலித்தது.

இரண்டாவது தடவை அதே கேள்வி, வேறு அதிகாரி. வெள்ளியை உருக்குவது, கம்பி இழுப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பது, ஒரு ஜோடி கொலுசு எத்தனை பேர் கைமாறி வருகிறது, அதில் அப்பா கைக்கு வருவது எந்த வேலை, சனிக்கிழமை கூலி எவ்வளவு, லீவு நாளில் நான் உட்கார்ந்து செய்தது என்ன என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். பேசும்போது கை தானாகக் கம்பி இழுப்பது போல அசைந்தது. அவர் நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அந்தத் தடவை ரெகமண்ட் ஆனேன், அதாவது எஸ்.எஸ்.பி.யில் தேறினேன், மெடிக்கல் தேறினேன், மெரிட் லிஸ்டிலும் பெயர் வந்தது. மெரிட் லிஸ்ட் தனி என்பதை நினைவில் வையுங்கள், ரெகமண்ட் ஆகி மெடிக்கலும் தேறி அதில் இடம் கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்சி முடிந்து பாசிங் அவுட் அன்று, அகாடமியின் பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயரில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கேயே பயின்று பரம்வீர் சக்ரா பெற்றவர், மைதானத்துக்கு அவர் பெயர். தோளில் நட்சத்திரம் குத்தும்போது பெற்றோரைக் கூப்பிடுவார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளை மாட்டிய கை அப்பாவுடையது, அந்த ஊசி மட்டும் அவருக்குச் சரியாகப் போகவில்லை. நடுங்கியது. அம்மாதான் பிடித்துக்கொண்டார்.

யூனிட், இடம் எதையும் இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். மற்றவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மா காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். எஸ்டேட் குடியிருப்பிலிருந்து சேலத்தில் காலேஜுக்கு வரும் பெண்ணுக்கு விடிகாலைப் பரேடு என்றால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ் பிடித்தாலும் பரேடு பாதி முடிந்திருக்கும். அதனால் பரேடுக்கு முந்தின ராத்திரி கோரிமேட்டில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வேன். யூனிபார்மை அங்கேயே துவைத்து இஸ்திரி போட்டு வைப்பேன்.

லேப் இருக்கும் நாளில் கேம்ப் வந்தால் சண்டைதான். எங்கள் துறையில் ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு துப்பாக்கி" என்று வகுப்பில் வைத்தே கேட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை, விட்ட பரிசோதனைகளை எல்லாம் தனியாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். பரங்கிமலையில் 1992-லிருந்து பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

பெண்களுக்கு ஸ்பெஷல் என்ட்ரியில் இடம் ஒற்றை இலக்கத்தில்தான். அதனால் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான இன்னொரு வழியான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வும் சேர்த்தே எழுதுகிறேன். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பரங்கிமலைக்கு மட்டும் என்றால் இங்கிலீஷும் பொது அறிவும் போதும், கணக்குத் தாள் எழுத வேண்டாம், கணக்குக்குப் பயந்து ஒதுங்கும் தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன். போன முறை எழுத்தில் தேறி எஸ்.எஸ்.பி. போனேன். மூன்று நிமிடத்தில் தாண்ட வேண்டிய தடைகள் பத்து, அதில் எனக்குப் பயமே இல்லை, எஸ்டேட் சரிவில் ஓடி வளர்ந்த கால். குழு விவாதத்தில்தான் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது நான் முறை வரட்டும் என்று காத்திருந்தேன், முறை வரவே இல்லை. இப்போது தினமும் சாயங்காலம் எஸ்டேட் பெண்கள் நாலு பேரை உட்கார வைத்து செய்தித்தாளில் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசிப் பழகுகிறேன். அடுத்த அழைப்பு வரும் வரை விடப்போவதில்லை.

அம்மாபேட்டையிலிருந்து:

என் கதை சின்னது. ரெகமண்ட் ஆனேன், மெடிக்கலில் நின்றுவிட்டேன். காரணத்தை எழுத்தில் கொடுத்தார்கள், 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மெடிக்கலுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கு இருந்தது சின்னச் சிகிச்சையில் சரியாகிற குறைதான், ஆனால் அறுவை முடிந்து ஆறுவதற்கே அந்த நாட்கள் போதவில்லை, வயதும் தாண்டிவிட்டது. முதல் வருடத்திலேயே ஒரு டாக்டரிடம் காது, மூக்கு, பல், கண், முட்டி எல்லாவற்றையும் காட்டியிருந்தால் நிதானமாகச் சரி செய்திருப்பேன். காசு பெரிதாக ஆகாது, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது அப்பாவோடு தறி பார்த்துக்கொண்டே எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேருக்குக் காந்தி ஸ்டேடியத்தில் ஓட்டம் சொல்லித் தருகிறேன். பரங்கிமலைக்குப் போகும்போது 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடும் உடம்போடு வரச் சொல்கிறார்களே, அதைக் கணக்கு வைத்துத்தான் ஓட விடுகிறேன். ஒருவன் பதினொன்றுக்கு வந்துவிட்டான்.

சிவதாபுரத்திலிருந்து:

அம்மாபேட்டை அண்ணா, அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரும் ஞாயிறு அடிவாரம் வாருங்கள். ஏற்காட்டுத் தங்கை, உனக்குக் குழு விவாதத்துக்கு நானும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன், உன் தோழிகளையும் இறங்கி வரச் சொல். சுபேதார் ஐயாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, முதல் வளைவு வரைதான் நடக்கிறார், ஆனால் வருகிறார். காலை ஐந்தரைக்கு செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் இருப்போம். முதல் வருடம் படிக்கிற பையன், பெண் யாராவது உங்கள் வீட்டருகில் இருந்தால் அவர்களை மறக்காமல் அழைத்து வாருங்கள்.